ஒப்புக்கொள்ள ஒரு ஆள்

பூர்சா, துருக்கி
28 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸப்பில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவுக்குப் போன் போட்டால் "அக்கா குளிக்கிறாடா" என்கிறாள். ஒரு வாரமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் இந்த மெயில். கம்பெனிக்கு விண்ணப்பம் போட நான் திறந்து கொடுத்த முகவரி இது. கடவுச்சொல் நம் பழைய நாயின் பெயர் என்பதால் மறந்திருக்க மாட்டாய்.

ராஜசேகர் சார் நேற்று பேசினார். பிளான்ட் மேனேஜர் தானாகவே என்னைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுதான் பேசினேன். மழை ஆரம்பித்ததிலிருந்து கார் கம்பெனிக்குப் புகார்மேல் புகாராம். கதவை மூடியும் உள்ளே தண்ணீர் ஒழுகுகிறதாம். ஒரகடத்திலிருந்து நாம் அனுப்பிய கதவு ரப்பர் சரியாக வேகாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஜூலை மாதச் சரக்கு, உன் லைனில் ஓடியது, நீதான் லைன் லீடர். கவனிக்காமல் விட்டது என் தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்களாம். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாயாம். உடனே சஸ்பெண்டு. "உங்க அக்கா கையெழுத்து போட்டா ஒரு வார்னிங்கோட முடிச்சிடுவேம்பா, கொஞ்சம் எடுத்துச் சொல்லு" என்றார்.

அதில் இருக்கும் 'கன்ஃபெஸ்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் நீ மிரண்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். நமக்கு அது போலீஸ் ஸ்டேஷனையும் பாவ அறிக்கையையும் நினைவுபடுத்தும். ஆனால் இங்கிலீஷ்காரன் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்பதைக்கூட 'ஐ கன்ஃபெஸ்' என்றுதான் ஆரம்பிப்பான். இங்கே துருக்கியில் இன்னும் வேடிக்கை. அவர்கள் சொல் 'இதிராஃப்'. கொலை செய்தவன் நீதிபதியிடம் சொல்வதும் இதிராஃப், பையன் பெண்ணிடம் காதலைச் சொல்வதும் இதிராஃப். எங்களுக்கு மொழி சொல்லித்தரும் அய்லின் டீச்சர் அன்றைக்கு, "ஒரு இதிராஃப் செய்கிறேன், என் மாமியார் என்னைவிட நன்றாகச் சமைப்பார்" என்றார். வகுப்பே சிரித்தது.

இதைப் படிக்கப்போவது இங்கே பூர்சாவில், நம் கம்பெனித் தலைமையகத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு இது சாதாரணச் சொல். ஒரு கையெழுத்து போட்டுவிட்டு வேலையைப் பார் அக்கா. வீம்பு பிடிக்காதே.

அன்புடன்
சாம்சன்

*

பென்னலூர்
3 நவம்பர் 2025

சாம்சன்,

துருக்கிக்காரர்கள் மாமியார் சமையலை ஒப்புக்கொள்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். என்னிடம் நீட்டிய தாளில் மாமியார் யாரும் இல்லை. என் பெயர்தான் இருந்தது, அதுவும் கொட்டை எழுத்தில்.

அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ராஜசேகர் சார் பேனாவை மூடி கழற்றியே கொடுத்தார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா ஷாரோன்."

"தமிழ்ல இன்னா எழுதிகீதுன்னு சொல்லுங்க சார்."

"ஒப்புக்கிறேன்னு எழுதியிருக்கு."

"யாரு ஒப்புக்கிறது?"

"நீதாம்மா."

"செஞ்சது யாரு சார்?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். லைனில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். இங்கே உண்மையைக் கண்டுபிடிக்க யாரும் அலையவில்லை. ஒப்புக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீ பூர்சாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம், இன்ஜினியர் தொப்பி போட்டுக்கொண்டு என் லைனுக்கு வந்தாய். ஓவன் திரையில் நீயே கைவைத்து வேகத்தைக் கூட்டினாய். "கொஞ்ச நாளைக்கு இப்படியே ஓட்டுங்க, ரிப்போர்ட் மேல போகணும்" என்றாய். ரப்பர் அடுப்பை விட்டுப் பாதி வேக்காட்டில் ஓடிவந்தது. அவுட்புட் எகிறியது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் உன்னைத் துருக்கிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ரப்பருக்குத்தான் இப்போது என் கையெழுத்தைக் கேட்கிறார்கள், நீயும் போடு என்கிறாய்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. விசாரணையில் மூன்று தடவை கேட்டார்கள், வாயைத் திறக்கவில்லை. பெண்களும் சொல்லவில்லை, ஷாரோன் அக்கா தம்பி என்பதற்காக. நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. நீ சொன்னால்தான் ஒப்புக்கொள்வது. இதற்கு எந்த டீச்சரும் தேவையில்லை.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் திருவிருந்து. அடுத்தவர்மேல் குறை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்று அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு பேசாமல் இருந்த வருஷம் முழுக்க, எல்லாரும் அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நேற்று நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் இருந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஊரே பார்க்குது, யார் மேலடி உனக்கு அவ்ளோ ஆத்திரம்?" உன்மேல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷாரோன்

*

பூர்சா
16 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. கூடவே கோபமும் வந்தது. நீ எழுதியிருப்பதைப் படித்தால், நான் என்னவோ திருடிவிட்டு ஓடிவந்தவன் போல இருக்கிறது.

நான் கைவைத்தேன், சரி. யார் சொல்லிக் கைவைத்தேன்? "எப்படியாவது நம்பர் காட்டு, உன்னைத்தான் அனுப்பப் போறேன்" என்று என் தோளைத் தட்டியது யார்? ராஜசேகர் சார்தான். ஆனால் அவர் எதையும் எழுத்தில் தரவில்லை. இப்போது நான் வாயைத் திறந்தால் அவர் கையை விரிப்பார். நான் மட்டும் அடுத்த விமானத்தில் ஏற வேண்டும். மூன்று வருஷப் பயிற்சி ஒப்பந்தத்தில் இன்னும் முதல் குளிரே முடியவில்லை. நம் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவன் வேறு யார்? போய்ப் பெரிய ஆளாக வா என்று விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பியது நீதானே?

எனக்குத் தூக்கமே இல்லை. அய்லின் டீச்சரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், ஒப்புக்கொள்வதற்கு உங்கள் மொழியில் வேறு சொற்கள் உண்டா என்று. நிறைய இருக்கிறது. கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் போய்ச் சொல்வதற்கு 'கியூனாஹ் சிகர்மாக்' என்கிறார்கள். பாவத்தை வெளியே எடுத்துப் போடுவது என்று பொருள். மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் அதற்கும் அதையே சொல்வார்களாம். 'இதிராஃப்ச்சி' என்று ஓர் ஆள் உண்டு. தான் செய்ததை ஒப்புக்கொள்ளும்போதே கூட இருந்தவர்களையும் மாட்டிவிட்டுத் தான் தப்பித்துக்கொள்பவன். அவனை இங்கே யாருக்கும் பிடிக்காது. ஆங்கிலத்தில் 'அட்மிட்' என்றால் உள்ளே விடுவது என்றும் ஆகும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதுதான். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி யோசித்திருக்கிறார்கள், பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கும் சேதமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நேற்று ராஜசேகர் சாருக்கு ஆங்கிலத்தில் விவரமாக மெயில் போட்டேன். இது ஒரு தனி ஆளின் தவறு இல்லை, அந்த ஷிஃப்டில் லைனில் இருந்த அனைவருக்கும் இதில் பொறுப்பு உண்டு, ஷாரோனை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை என்று எழுதினேன். கோயிலில் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்துதானே சொல்கிறோம்? யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லையே? அந்த மாதிரி. உன்மேல் இருக்கும் பாரம் குறையும். கொஞ்சம் பொறு.

குன்றத்தூர்ப் பக்கம் மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். அம்மாவை வெளியே அனுப்பாதே.

சாம்சன்

*

பென்னலூர்
8 டிசம்பர் 2025

சாம்சன்,

உன் மெயில் நன்றாக வேலை செய்தது. கேட்டுக்கொள்.

அனைவருக்கும் பொறுப்பு உண்டு என்று இன்ஜினியரே எழுதிக் கொடுத்துவிட்டாரா, ராஜசேகர் சாருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஷிஃப்டில் யார் யார் என்று பார்த்தார்கள். நிரந்தர ஆட்களைத் தொட்டால் யூனியன் வரும். கான்ட்ராக்ட் பெண்களைத் தொட்டால் ஒரு நாய்கூடக் குரைக்காது. அத்தனை பேரையும் ஏஜென்சியிடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்களை, டிரைவர் பெயரைக் கேட்டுவிட்டு ஏற்றாமல் போயிருக்கிறான்.

வேல்விழியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? செய்யாறு பக்கத்துப் பெண், ஓவன் வாயில் நிற்பாள், ரப்பர் வெளியே வந்ததும் முதலில் கைபடுவது அவள்தான். குன்றத்தூரில் மலைக் கோயில் அடிவாரத்தில் ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மூன்று பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இவளுக்கு ஊருக்குப் போக முகமில்லை. கம்பெனியில் பெர்மனென்ட் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாளாம்.

"நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?" என்றாள். "ஒரு நாள் லீவு போட்டேனா, ஓடிக்கினு இருக்கிற மிசின விட்டுட்டு பேசிக்கினு இருந்தேனா? என்னை ஏன்க்கா நிறுத்துனாங்க?"

அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்வது? என் தம்பி பாரத்தைக் குறைத்தான், அது உன் தலையில் வந்து விழுந்தது என்றா?

எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், வாஸ்தவம். நானும் நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்கிறேன். கூட்டத்தோடு சொன்னால் நம் குரல் நமக்கே கேட்காது. அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கம்பெனிக்கு எழுதினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? நீ மட்டும் செய்த காரியத்தை ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாய். உன் பங்கு எங்கே? மெயிலில் உன் பெயர் கீழே, கையெழுத்து இடத்தில்தான் இருந்தது என்று ஆபீஸ் பெண் சொன்னாள்.

இத்தனை சொல் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாயே, அதில் ஒரு சொல்தான் எனக்கு உபயோகப்பட்டது. இதிராஃப்ச்சி. கூட இருந்தவர்களை மாட்டிவிட்டுத் தப்பிப்பவன். நீ அந்த அளவுக்குக்கூட வரவில்லை. அவனாவது முதலில் தான் செய்ததைச் சொல்கிறான்.

எனக்கு எழுதும்போது இனி அர்த்தம் சொல்லாதே. படிக்கப் படிக்க எரிகிறது. மூன்று மொழியில் உனக்கு அர்த்தம் தெரிகிறது, ஒரு மொழியில் செய்யத் தெரியவில்லை.

நேற்றும் முதல் ஞாயிறு. நேற்றும் நான் எழுந்து போகவில்லை. இந்தத் தடவை அம்மாவும் எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீ போன் போட்டு அவள் எடுக்காவிட்டால், அவளும் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

ஷாரோன்

*

பூர்சா
6 ஜனவரி 2026

அக்கா,

சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு இங்கே வேலை நாள். அம்மா போனை எடுக்கவில்லை. நான் கேன்டீனில் உட்கார்ந்து, சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து, நேரே நெஜாத் பெய் அறைக்குப் போனேன். 'பெய்' என்றால் நம் 'சார்' மாதிரி. தரத்துக்கெல்லாம் அவர்தான் தலைமை. தெரிந்த துருக்கியில் ஆரம்பித்து, பாதியில் தடுமாறி, ஆங்கிலத்தில் முடித்தேன். ஓவன் வேகத்தைக் கூட்டியது நான். யாரும் எனக்கு எழுத்தில் உத்தரவு தரவில்லை, வாயால் கேட்டார்கள், நான் செய்தேன். லைனில் இருந்தவர்கள் நான் சொன்னதைச் செய்தார்கள். என் அக்காமேலும் அந்தப் பெண்கள்மேலும் எந்தத் தவறும் இல்லை. நவம்பரில் நான் எழுதிய மெயில் பொய்.

அவர் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்படி எரிச்சல்படுவார் என்றும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதை ஏன் இப்போது வந்து சொல்கிறாய்?" என்றார். ஆபரேட்டர் தவறு என்று கார் கம்பெனிக்கு அறிக்கை போய்விட்டதாம், அவர்களும் ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிட்டார்களாம். இனி அதைத் திறந்தால் எல்லாருக்கும் தலைவலியாம். ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று இத்தனை நாள் உன் பின்னால் அலைந்தவர்கள்தான் அக்கா இவர்கள். ஒருத்தன் நிஜமாகவே ஒப்புக்கொண்டு வந்து நின்றால் இவர்களுக்குப் பிடிக்கவில்லை. போய் வேலையைப் பார் என்று என்னை அனுப்பிவிட்டார்.

அப்படியே விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த எண்ணம் எனக்கு வந்தது, ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. மறுநாள் எழுத்தில் கொடுத்தேன், ராஜசேகர் சார் பெயரையும் சேர்த்து, அவருக்கும் ஒரு பிரதி போட்டு. அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார். "கூடப் பொறந்தவளுக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்துக்கினியே, மடையா" என்றார். அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

என் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி கடைசியில் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரகடத்தில் எனக்கு வேலை இருக்குமா என்று கேட்டேன், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். இருக்காது.

உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் முதலில் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை, அழித்துவிட்டேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. மலையில் விழும் பனி, சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ, என்னை யாரும் பென்னலூர்ப் பையன் என்று பார்க்காதது எல்லாம் பிடித்திருந்தது. அதை விட மனசு வரவில்லை. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அம்மாவிடம் நீ சொல்லிவிடு. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சாம்சன்

*

பென்னலூர்
2 பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பி,

அம்மாவிடம் சொன்னேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு "அவனுக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் இருக்குதாம்மா?" என்றாள். போன் போடு, இனி எடுப்பாள்.

எனக்கு வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மன்னிப்பு, வருத்தம் எதுவும் அதில் இல்லை. திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் என்று மட்டும் இருந்தது. போனேன். லைனில் மிச்சமிருந்த பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜசேகர் சாரை வேறு பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே இன்னும் பெரிய பதவி என்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாத்ரூமில் போய்ச் சுவரைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

ஓவன் வாயில் புதுப் பெண் நிற்கிறாள். வேல்விழியை எடுக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் கணக்கில் இல்லை, ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். ஏஜென்சியில் கம்பெனியைக் கேள் என்கிறார்கள். ரெண்டு இடத்துக்கும் நடந்து நடந்து எனக்குச் செருப்புத் தேய்ந்துவிட்டது. நீ உண்மையைச் சொன்னாய், நான் உள்ளே வந்துவிட்டேன், அவள் வெளியிலேயே நிற்கிறாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன்னைச் சொல்லு சொல்லு என்று விரட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது என் நெஞ்சில் கிடந்தது. நீ வேகத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பிய அன்று, முதல் ரப்பர் வெளியே வந்ததும் வேல்விழி தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, இது கையில ஒட்டுதுக்கா. தம்பிகிட்ட சொல்லுக்கா" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன், ஒட்டியது. நீ பத்தடி தள்ளி, தொப்பி போட்டுக்கொண்டு நின்றாய், பெண்களெல்லாம் 'சார் சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு பெருமை. என் தம்பி வந்து உத்தரவு போடுகிறான், நான் போய் எல்லார் முன்னாலும் இது தப்பு என்று சொல்வதா? "மூடிக்கினு வேலையைப் பாருடி, அவனுக்குத் தெரியாததா?" என்றேன். அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தப்பு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளை அடக்கியது நான்.

போன வாரம் அவளைத் தேடிப் போனேன். குன்றத்தூர் பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கூட்டத்தில் வைத்தே சொன்னேன், உன்னை அன்றைக்கு வாயடைத்தது நான், தம்பிமேல் இருந்த பெருமையில் செய்தேன் என்று. அவள் புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்க்கா" என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. நீ அனுபவித்தது போதும். நேற்று முதல் ஞாயிறு. போதகர் கூப்பிட்டதும், இன்றைக்காவது போகலாம் என்று எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு வேல்விழி புடவை மடித்த கைதான் கண்ணில் நின்றது. திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சலித்துப் போயிருக்கும், பாவம், இன்னமும் என் முழங்காலைத் தாண்டித்தான் போகிறார்கள். அம்மா மட்டும் இந்தத் தடவை எழுந்து போய்விட்டு வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் நான் எழுந்து போகப் போவதில்லை. எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றே தெரியவில்லை. நீ வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து ஏஜென்சிக்குப் போவோம். நான் கேட்டால் வாட்ச்மேனே துரத்துகிறான்.

மார்ச் முதல் தேதியே முதல் ஞாயிறுதான், அதற்குள் வந்துவிடுவாய். நேரே கோயிலுக்கு வா. அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சில் நான் இருப்பேன். பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். நீயும் வந்து என்னோடு உட்கார்.

உன் அக்கா
ஷாரோன்